அரை மணி நேரத் தாத்தா வீடு

‘நாள் 3. மாமல்லபுரம் – காஞ்சிபுரம். 65 கி.மீ. தங்கல்: ஓட்டல், ஒரு இரவு. குறிப்பு: கோயில், அம்மாவுக்குப் புடவை, தாத்தா வீடு (அரை மணி).’

மேலே இருப்பது எக்ஸெல் தாள் ஒன்றின் மூன்றாவது வரி. தயாரித்தவன் மலேசியாவில் கிள்ளானில் பிறந்து வளர்ந்த என் பெரியப்பா பேரன். எனக்கு மகன் முறை. சென்னையில் ஒரு புல்லட்டை வாடகைக்கு எடுத்து, கன்னியாகுமரியைத் தொட்டுத் திரும்பி, மேற்குக் கரையோரமாக ஏறி, லடாக் வரை போவதாகத் திட்டம். முப்பது நாள், ஏறத்தாழ ஆறாயிரம் கிலோமீட்டர். தாளுக்கு அவன் வைத்திருக்கும் தலைப்பு ‘மூதாதையர் நாடு’. ‘சித்தப்பா, பார்த்துட்டு தப்பு இருந்தா திருத்துங்க’ என்று ஒரு வரி. திருத்துவதற்காகத்தான் உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க, திருத்துவதைவிட வாசிக்கவேண்டிய ஒரு பிரதி இது என்று பட்டது.

போகாத பயணத்தின் திட்டத்தை விமர்சிப்பதா என்று சிரிக்கலாம். பயண நூல்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். ஏ.கே. செட்டியார் எதைக் கண்டார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று பேசியிருக்கிறோம். ஆனால் எந்தப் பயண நூலுக்கும் முன்பாக இப்படியொரு தாள் (எழுதியோ மனசிலோ) இருக்கிறது. எது இடம், எது வழி, எது பார்க்கத்தக்கது, எதற்கு எவ்வளவு நேரம் என்ற தீர்ப்பெல்லாம் அங்கேயே முடிந்துபோகிறது. பின்னால் வரும் நூல் பெரும்பாலும் அந்தத் தீர்ப்பின் விரிவுரைதான்.

லடாக்கில் லே நகருக்கு இவன் முழுசாக இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறான். குறிப்பு: ‘வண்டி ஓட்டக்கூடாது, சும்மா இருக்கணும்.’ சரியான முடிவு. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரம். அங்கிருந்து கார்துங் கணவாய்க்கு ஏறினால் ஐயாயிரத்தையும் தாண்டும். காற்றில் பிராணவாயு குறைவு. உடம்புக்குப் பழக்கம் கொடுக்காமல் ஏறினால் ஆளையே சாய்த்துவிடும். இந்த அறிவு அவனுக்கு இருக்கிறது. பிள்ளையார்பாளையத்துக்குப் பழக உடம்புக்கோ மனசுக்கோ ஏதாவது நேரம் வேண்டியிருக்கும் என்ற எண்ணம்தான் தாளில் எங்கும் இல்லை. மலைக்கு இரண்டு நாள். தாத்தா வீட்டுக்கு அரை மணி. அந்த அடைப்புக்குறியை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் என்று சொல்லமாட்டேன். சரி, கொஞ்சம் கோபம்தான்.

மூதாதையர் ஊருக்குப் போன எழுத்தாளர்களில் வி.எஸ். நைபால் இந்த அரை மணியின் ஆகப் பெரிய உதாரணம். டிரினிடாடில் பிறந்தவர். 1962ல் இந்தியா வந்து ஏறக்குறைய ஓர் ஆண்டு இருந்தார். 1964ல் ‘இருளின் பரப்பு’ என்று தமிழில் சொல்லத்தக்க அந்த நூலை வெளியிட்டார். பம்பாய்த் துறைமுகத்தில் பறிபோன மதுப்புட்டிகளை மீட்க அலுவலகம் அலுவலகமாக அலைந்ததில் நூல் தொடங்குகிறது. கடைசிப் பகுதியில் உத்தரப்பிரதேசத்தில் தாத்தாவின் கிராமத்துக்கு ஜீப்பில் போகிறார். உறவுகள் சூழ்கின்றன, தேவைகளைச் சொல்கின்றன, அவருக்கு மூச்சு முட்டுகிறது. புறப்படும்போது ஒரு பையன் ஜீப்பில் கூட வரப் பார்க்கிறான். நடந்தே வரட்டும் என்று விட்டுவிட்டுப் போகிறார். அந்த மறுப்பை மறைக்காமல் எழுதியது அவருடைய நேர்மை என்று அப்போதே சொன்னவர்கள் உண்டு. எனக்குத் தோன்றுவது வேறு. வண்டி வைத்திருப்பவனுக்கும் ஊரில் இருப்பவனுக்கும் உள்ள உறவு, வண்டியில் ஏற்றுவதா வேண்டாமா என்ற ஒரே கேள்வியில் அங்கே வெளிப்பட்டுவிடுகிறது. மோட்டார் சைக்கிளில் பின்சீட்டு என்று ஒன்று இருக்கிறது. என் மகனின் தாளில் அதன் பயன்பாடு: ‘பைகள், கூடாரம்’.

மோட்டார் சைக்கிள் நூல்களில் எல்லாம் இப்படித்தானா? இல்லை. சே குவேராவும் அல்பர்ட்டோ கிரனாடோவும் 1952 ஜனவரி வாக்கில் ஒரு பழைய நார்ட்டன் 500ல் அர்ஜென்டினாவை விட்டுக் கிளம்பினார்கள். வண்டிக்கு ‘வல்லமைக்காரி’ என்று பொருள்படும் ஒரு பெயர் வேறு. வல்லமை சிலியிலேயே தீர்ந்துபோயிற்று. பிறகு லாரி, கால்நடை, கப்பலில் திருட்டுப் பயணம். சுக்கிகமாட்டா செம்புச் சுரங்கத்துக்குப் போகும் வழியில் குளிரில் ஒடுங்கிக் கிடந்த கம்யூனிஸ்டுத் தொழிலாளித் தம்பதியை அவர்கள் சந்தித்தது வண்டி போனபிறகுதான். வண்டி ஓடியிருந்தால் அந்த இடம் தூரக் கணக்கில் ஒரு எண்ணாகக் கழிந்திருக்கும். டெட் சைமன் 1973 அக்டோபரில் லண்டனிலிருந்து ஒரு ட்ரயம்பில் கிளம்பி நான்கு ஆண்டு உலகத்தைச் சுற்றியவர். இந்தியாவும் அதில் உண்டு. வண்டி பழுதாகி நின்ற இடங்களையே பயணமாக எடுத்துக்கொள்ளப் பழகியவர் அவர். எங்கள் தாளில் பழுதுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது, நியாயமாகச் சொல்லணும்: ‘உபரி நாள்: 2’. பழுதுக்குக்கூட நாள் குறித்து வைத்திருக்கிறான்!

இந்தப் பையனின் தாத்தா, என் பெரியப்பா, 1952ல் பிள்ளையார்பாளையத்திலிருந்து கிளம்பிய பயணத்துக்குத் தாள் கிடையாது. கைத்தறிக்காரர்கள் வயிற்றுக்கு இல்லாமல் தவித்த காலம் அது. அடுத்த ஆண்டு தி.மு.க.காரர்கள் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுத் தெருத்தெருவாக விற்கும் அளவுக்கு நெருக்கடி. பட்டுத் தறியும் தப்பவில்லை. சென்னையில் ‘ரஜூலா’ கப்பலில் மேல்தட்டுச் சீட்டு. பினாங்கில் ஒரு துணிக்கடை முகவரி, அதுவும் யாரோ சொல்ல எழுதிக்கொண்டது. குறிப்பு என்று கேட்டால், பாட்டி மடியில் முடிந்து கொடுத்த திருநீறு. மலாயாவின் குடியேற்றக் கதவு 1953ல் இறுகிவிட்டது. ஒரு வருசம் தாமதித்திருந்தால் கிள்ளானில் இந்தப் பேரனே இல்லை. பேரன் ‘மூதாதையர் நாடு’ என்று தலைப்பிட்டபோது, நகராமல் ஓரிடத்தில் கிடந்து இவன் வருகைக்குக் காத்திருக்கும் ஒரு நிலத்தை நினைத்திருக்கிறான். நெசவாளிச் சாதிகளின் வரலாற்றில் அப்படியொரு நிலம் எப்போதும் இருந்ததில்லை. வரி ஏறினால் ஊரைக் காலிசெய்து போவது நெய்கிறவர்களின் பழைய ஆயுதம். கம்பெனிக்காரன் சென்னையில் சிந்தாதிரிப்பேட்டையை 1730களில் உண்டாக்கியதே வெளியூர் நெசவாளிகளை அழைத்துக் குடியமர்த்தத்தான். காஞ்சிபுரத்துப் பட்டுக்குக்கூட நூல் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருகிறது. இடுப்பளவு குழியில் காலை விட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து, இவன் நகராதவன், நான் பயணி என்று வந்தவன் நினைப்பது கண்ணின் பிழை.

இனி வண்டிக்கு வருவோம். புல்லட்டுக்கும் ஒரு மூதாதையர் நாடு உண்டு: இங்கிலாந்து. 1955ல் சென்னையில் இந்தியக் கம்பெனி உருவாகி, திருவொற்றியூரில் வண்டி செய்யத் தொடங்கினார்கள். 1970 வாக்கில் தாய்வீட்டில் உற்பத்தி நின்றுபோக, பிள்ளை மட்டும் இங்கே பிழைத்துக் கிடந்தது. 1977லிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆயிற்று. தங்கள் தாத்தா ஓட்டிய வண்டியைத் தேடி வெள்ளைக்காரர்கள் திருவொற்றியூர்ப் பக்கம் வந்தார்கள் என்பது, பூர்வீகம் தேடும் எல்லாருக்கும் சொல்லவேண்டிய வேடிக்கை. 2013லிருந்து ஒரகடத்திலும் வண்டி தயாராகிறது. பிள்ளையார்பாளையத்திலிருந்து வாலாஜாபாத் வழியாக முப்பது கிலோமீட்டர் சொச்சம். தறியை விட்ட வீட்டுப் பையன்கள் அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குத்தான் விடியற்காலையில் பஸ் ஏறுகிறார்கள். அவர்களின் தினப்படிப் பயணம் தாளில் வராது. வரவேண்டிய அவசியமும் இல்லை என்பான்.

வரவேண்டிய ஒன்று மட்டும் நிச்சயம் இருக்கிறது. விஜயநகர காலக் கல்வெட்டுகளில், காஞ்சிபுரத்துக் கைக்கோளருக்கும் விரிஞ்சிபுரத்தாருக்கும் இருந்த தண்டும் சங்கும் (பல்லக்கு ஏறும் உரிமை, சங்கு ஊதும் உரிமை) வேறு ஊர்க் கைக்கோளருக்கும் தரப்பட்ட செய்தி வருகிறது. வாகனம் ஏறுவது இந்த மண்ணில் வசதியின் பேச்சாக இருந்ததில்லை. யார் ஏறலாம் என்பது மேலிருந்து வழங்கப்பட்டது, மறுக்கப்பட்டது. நெய்யும் சாதிக்குக் கிடைத்தது. எத்தனையோ சாதிக்குக் கிடைக்கவில்லை. இதை என் சாதிப் பெருமையாக எங்கள் சங்கக் கூட்டங்களில் பேசக் கேட்டிருக்கிறேன். கிடைக்காதவர்களைப் பற்றி அங்கே ஒருவரும் வாய் திறந்ததில்லை. தலித்துகள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டிய தெருக்கள் தமிழ்நாட்டில் இருந்தன என்பது ஏட்டில் ஏறிய விஷயம். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில், புல்லட் ஓட்டினான் என்பதற்காகத் தலித் கல்லூரி மாணவன் ஒருவனின் கைகளை வெட்டியதாக வழக்குப் பதிவாயிற்று. என் மகனின் நாள் 5, மதுரை வழியாகத் தெற்கே இறங்குகிறது. சிவகங்கை எல்லை அங்கிருந்து வெகுதூரம் இல்லை. அதே வண்டி. வரைபடத்தில் எல்லாச் சாலையும் ஒரே மஞ்சள்.

காகிதங்களுக்கென்று அவன் தனிப் பக்கம் போட்டிருக்கிறான். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி சர்வதேச ஓட்டுநர் அனுமதி. தாத்தா இந்தியாவில் பிறந்தவர் என்பதற்குச் சான்று தேடி, வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் என்ற அட்டை. 2005ல் வந்த ஏற்பாடு அது. கொள்ளுப்பேரன் வரை செல்லும். மொரீஷியஸ்காரர்களுக்கு 2024ல் ஏழாம் தலைமுறை வரை நீட்டியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் கண்டித் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் 1983க்குப் பிறகு அகதியாக ராமேஸ்வரம் கரையில் இறங்கியபோது, அவர்களுக்கும் இது மூதாதையர் நாடுதான். அவர்களில் எத்தனையோ பேர் முகாமில்தான் இருக்கிறார்கள். முகாமுக்கு 2021ல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறியது. வெளியூரில் ஒரு இரவு தங்கவே அனுமதி கேட்டுப் பழகியவர்கள் முப்பது நாள் திட்டம் போடுவதெங்கே? இதைப் பையனிடம் சொன்னால், ‘அதுக்கு நான் என்ன செய்யறது சித்தப்பா’ என்பான். அவன் கேட்பது நியாயம். தாளின் தலைப்பை மாற்றச் சொல்லலாம் என்று மட்டும் யோசிக்கிறேன்.

தாளைப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் காட்டினேன். ஐம்பது வருசமாகக் கோர்வைப் புடவை நெய்கிறவர். கிலோமீட்டர் கணக்கையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘காலையில எத்தினி மணிக்கு வருவான்?’ என்றார். ஏழரை என்று போட்டிருக்கிறான் என்றேன். ‘அன்னிக்கு தெருவுல பாவு இருந்துதுன்னா வண்டிய மூலையிலியே நிறுத்திட்டு நடந்து வரச்சொல்லு. நூல் அறுந்தா எவன் உக்காந்து முடிச்சு போடறது?’ தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்து, கஞ்சி தெளித்து, இழை இழையாகச் சரிபார்க்கும் வேலை வெயில் ஏறுவதற்குள் முடியணும். அதுவரை தெரு தறியின் நீட்சி. வாகனம் நுழையாது.

அதை எழுதி அனுப்பிவிட்டேன். ‘ஓக்கே சித்தப்பா, ஒன்பது மணி’ என்று பதில் வந்தது. அரை மணி அப்படியேதான் இருக்கிறது. பெரியப்பாவின் வீடு இப்போது எங்கள் குடும்பத்தில் யாருடையதும் இல்லை என்பதை இன்னும் சொல்லவில்லை. பாகம் பிரித்து விற்றபிறகு இரண்டு கை மாறிவிட்டது. தறிக்குழியை மண் கொட்டி மூடி சிமெண்டு பூசியிருக்கிறார்கள். குடியிருப்பவரின் மகன் தவணையில் வாங்கிய பைக்கை ராத்திரியில் அந்த இடத்தில்தான் நிறுத்துகிறான். ஒன்பது மணிக்கு அவன் வேலைக்குப் போயிருப்பான். வீட்டில் அவன் அம்மா மட்டும் இருப்பார். அரை மணி உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போகலாமா என்று அந்த அம்மாவிடம் நான்தான் போய்க் கேட்கணும்.