நெல்லிக்கும் நாவலுக்கும் இடையே

அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த நெல்லிக்கனியை வாங்கி உண்டவரும், மாட்டுக்காரச் சிறுவன் மரத்திலிருந்து உதிர்த்த நாவற்பழத்தை மண்போக ஊதியவரும் ஒரே பாட்டிதான் என்று நம்பியே நம்மில் பலர் பள்ளிக்கூடம் தாண்டினோம். நெல்லிக்குப் புறநானூற்றின் 91ஆம் பாட்டு சாட்சி. நாவலுக்குக் கதையைத் தவிர வேறு சாட்சி கிடையாது. இரண்டு பழங்களுக்கும் நடுவே எப்படியும் ஆயிரம் ஆண்டு கிடக்கிறது. ஔவையைப் பற்றி எழுதப்பட்ட நூல்களின் வரலாறு, அந்த ஆயிரம் ஆண்டை என்ன செய்வது என்று திண்டாடிய வரலாறுதான்.

ஒரே பெயரில் பலர் இருப்பது பழந்தமிழில் புதுமையல்ல. பாரியின் நண்பர் கபிலர் ஒருவர்; பதினோராம் திருமுறையில் பாடியிருக்கும் கபிலதேவ நாயனார் வேறொருவர். அதே திருமுறையில் பரணதேவரும் நக்கீரதேவரும் உண்டு. நெடுநல்வாடை பாடிய நக்கீரரும் திருமுருகாற்றுப்படை பாடிய நக்கீரரும் ஒருவரல்லர் என்பது வையாபுரிப்பிள்ளையின் முடிவு. ஏற்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். திருமுறைப் பட்டினத்தாரையும் சித்தர் பட்டினத்தாரையும் நடையை வைத்தே பிரித்துவிடலாம். இவையெல்லாம் பெரும்பாலும் இரண்டு மூன்று பேரோடு முடிகிற வழக்குகள். ஔவை என்ற பெயருக்குள் ஒரு கூட்டமே குடியிருக்கிறது.

சங்கத் தொகைகளில் ஔவை பெயரில் 59 பாடல்கள்: புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. ஆனால் உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிடும் வரை பொதுவாசகருக்குத் தெரிந்த ஔவை இவர் அல்லர். அவர்கள் அறிந்தது திண்ணைப் பள்ளிக்கூடத்தின் ஔவை. தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு 1708லேயே கொன்றை வேந்தனை ஜெர்மனில் மொழிபெயர்த்துவிட்டார். புத்தளத்துச் சைமன் காசிச் செட்டி 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறுகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோதும் அவருக்கு எட்டியது கதை மரபுதான். அட்டாவதானம் வீராசாமி செட்டியாரின் விநோதரச மஞ்சரி அந்தக் கதைகளுக்கு உரைநடையில் நல்ல உப்பும் புளியும் சேர்த்தது. கம்பரோடும் ஒட்டக்கூத்தரோடும் வாதாடும் ஔவையை அதைப் படித்தவர்கள் சுலபத்தில் மறக்கமாட்டார்கள்.

புறநானூறு அச்சேறியதும் எதிரே வந்து நின்றவர் வேறு ஆள். மன்னனோடு அமர்ந்து கள் பருகியவர். தொண்டைமானிடம் தூது போய், பளபளப்பு மங்காத அவன் படைக்கலங்களைப் புகழ்வதுபோல் இகழ்ந்தவர். அதியமான் மார்பில் வேல் பாய்ந்து மாண்டபோது, அந்த வேல் பாணர்களின் பாத்திரத்தையும் இரப்பவர் கைகளையும் துளைத்துச் சென்றதாகப் புலம்பியவர். 26 அகப்பாடல்களும் இவர் கணக்கில் உண்டு. தன் காதல் நோய் அறியாமல் தூங்கும் ஊரை என்ன செய்தால் தகும் என்று கொதிக்கும் குறுந்தொகைத் தலைவியைப் படைத்தவரும் இவரே. இந்தப் பெண்ணுக்குக் கூனும் இல்லை, கோலும் இல்லை. 99ஆம் புறப்பாட்டில் பரணரைச் சமகாலத்தவராகக் குறிப்பிடுவதால் காலமும் ஓரளவு பிடிபடுகிறது.

பிரித்தாக வேண்டிய கட்டாயம் அப்போதுதான் வந்தது. ஆதாரம் தேடி வெகுதூரம் போகவும் வேண்டியதில்லை. நல்வழியின் கடைசி வெண்பா திருக்குறளோடு மூவர் தேவாரத்தையும் திருவாசகத்தையும் திருமூலரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. மாணிக்கவாசகருக்குப் பின் வந்த ஒருவர்தான் அதை எழுதியிருக்க முடியும். யாப்பும் இதையே சொல்கிறது. சங்க ஔவை முழுக்க அகவலில் பாடியவர். மூதுரையின் 30 பாடல்களும் நல்வழியின் 40 பாடல்களும் வெண்பா. இன்னொன்றும் உண்டு. பெண் பேச்சைக் கேளாதே என்னும் பொருளில் ஆத்திசூடியில் ஓர் அடி வருகிறது. அது மனைவி சொல்லைத்தான் குறிக்கிறது என்று வட்டம் போடும் உரைகள் இருக்கின்றன. எப்படிப் பார்த்தாலும், ஒரு பெருமன்னனுக்காக இன்னொரு மன்னன் அவையில் பேசப்போன பெண் எழுதும் அடி அல்ல அது.

இதுவரை ஆய்வாளர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்கு மேல் அவர்கள் செய்ததில்தான் தயக்கம். நூல்களைப் பிரித்த கையோடு ஆட்களுக்கு எண் போட்டார்கள். சங்க ஔவை முதலாமவர், சோழர் கால நீதிநூல் ஔவை இரண்டாமவர், விநாயகர் அகவல் பாடியவர் மூன்றாமவர், 310 குறட்பாக்களில் யோகம் பேசும் ஔவைக்குறளின் ஆசிரியர் அவரா, இன்னொருவரா? மூன்று என்பார், நான்கு என்பார், ஆறு என்பாரும் உண்டு. எண் போட்டதும் ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர், ஒரு சமயம், ஒரு முதுமை தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. சங்க ஔவைக்காவது அவருடைய பாடல்களே ஒரு வாழ்க்கையைக் காட்டுகின்றன. மற்றவர்களுக்கு நூல் இருக்கிறது, ஆள் இல்லை. ஆத்திசூடியையும் கொன்றை வேந்தனையும் எழுதியவர் பெண்தான் என்பதற்கேகூட அந்தப் பெயரைத் தவிர வேறு உறுதி நம்மிடம் கிடையாது. ஒருவரை ஆறாக்கியதில் ஒரு பொய் நீங்கி ஐந்து ஊகங்கள் வந்து சேர்ந்தன.

கதை மரபை வெறும் பிழையாகத் தள்ளிவிடாமல், அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் எழுத்துகள் எனக்கு அதிகம் பயன்பட்டன. பாரி இறந்தபின் அவன் மகளிரை விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துப்போய் மணந்துகொள்ளக் கேட்டவர் கபிலர். புறநானூறு 200 முதல் 202 வரை இதற்குச் சான்று. அங்கே அந்தப் பெண்களுக்குப் பெயர்கூட இல்லை. பிற்காலத் தனிப்பாடல்களில் அவர்கள் அங்கவை, சங்கவை ஆகிறார்கள். மணம் முடித்து வைப்பவர் ஔவை. கபிலர் செய்த காரியம் ஓசையின்றி ஔவை கணக்குக்கு மாறிவிட்டது. கபிலர் அகவல் இன்னும் துணிச்சலானது. ஆதிக்கும் பகவனுக்கும் பிறந்த ஏழு பிள்ளைகளில் ஔவையையும் கபிலரையும் வள்ளுவரையும் சேர்ப்பதோடு அதிகமானையும் சேர்க்கிறது. சங்கப் புரவலன் உடன்பிறந்தான் ஆகிறான்! பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று வாதிடும் நூல் அது. அந்த வாதத்துக்கு எல்லோரும் அறிந்த பெயர்கள் தேவைப்பட்டன, எடுத்துக்கொண்டது.

மேடையும் திரையும் ஆய்வாளர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. டி.கே. சண்முகம் ஔவையாக நடித்துப் பெயரே ஔவை சண்முகம் ஆனது. ஓர் ஆண் கிழவி வேடமிட்டுப் பெற்ற புகழ். அவருடைய 'எனது நாடக வாழ்க்கை' தமிழ் நாடகத்தைப் பற்றிய தலைசிறந்த நூல்களில் ஒன்று. 1953இல் எஸ்.எஸ். வாசன் எடுத்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் பாடி நடித்த ஔவை, எல்லா ஔவைகளையும் ஒரே உடம்பில் சேர்த்துவிட்டார். இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது இன்குலாபின் 'ஔவை' நாடகம். அது வயதையும் திருநீற்றையும் கழற்றிவிட்டு, பாணர் மரபில் பாடித் திரிந்த இளம்பெண்ணை மேடைக்குக் கொண்டுவந்தது. வாதத்தின் வேகத்தில் சில இடங்களில் நாடகம் பின்தங்குகிறது. ஆனாலும் புறநானூற்றை இத்தனை உயிரோடு வாசித்த நாடகங்கள் நம்மிடம் அதிகம் இல்லை.

புறநானூற்றுக்குச் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் வெளியிட்ட விரிவான உரையை எழுதியவர் ஔவை சு. துரைசாமிப் பிள்ளை. அந்த 'ஔவை' பட்டமல்ல, திண்டிவனம் பக்கத்து ஔவையார்குப்பம் என்னும் அவருடைய ஊர். சங்க ஔவையைப் படிக்க விரும்புகிறவர்கள் வாழ்க்கை வரலாறுகளை விட்டுவிட்டு இந்த உரையில் தொடங்கலாம். ஔவை பெயரில் வரும் அனைத்தையும் ஓரிடத்தில் பார்க்க விரும்புவோருக்குத் தாயம்மாள் அறவாணனின் தொகுப்பு முயற்சிகள் உதவும்.

எந்தத் தொகுப்பிலும் சரியாக இடம் கிடைக்காத ஔவை ஒருவர் தெற்கே இருக்கிறார். குமரி, நெல்லை வட்டாரங்களில் செவ்வாய்க்கிழமை இரவுகளில் பெண்கள் ஔவையார் நோன்பு இருக்கிறார்கள். உப்பில்லாத கொழுக்கட்டை அவித்து, கதை சொல்லி, விடிவதற்குள் உண்டு முடிப்பார்கள். ஆண் பிள்ளை எட்டிப் பார்க்கக்கூடாது. நெல்லியும் நாவலும் அங்கே முக்கியமில்லை. தங்கள் நோன்புக்குரிய தெய்வமாகவே ஔவையை வைத்திருக்கிறார்கள். ஔவையைப் பற்றிய அடுத்த நல்ல நூல் அந்த அடுப்படியில் தொடங்கினால் நன்றாயிருக்கும். எழுதப்போகிறவர் ஆணாக இருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.