1920, 1921: இடையில் விடுபட்டவர்கள்

பெண்களின் வாக்குரிமை பற்றி நாம் எழுதும் கட்டுரைகளில் ஒரு காலவரிசை தவறாமல் வருகிறது. 1848-ல் செனகா ஃபால்ஸ் மாநாடு. 1920-ல் அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை. 1921-ல் சென்னை மாகாணப் பெண்களுக்கு வாக்குரிமை. மாணவிகளுக்கு நானும் இதைப் பல ஆண்டுகள் இப்படியே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு மாலை காணையில், உள்ளாட்சிப் பொறுப்பில் இருக்கும் சில பெண்களோடு இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் குறுக்கிட்டார். "1921-லயே ஓட்டு வந்துடுச்சுன்றீங்களே, அப்ப எங்க ஆயாவும் போட்டிருப்பாங்களா?"

போட்டிருக்க முடியாது. அன்று சட்டமன்றம் நீக்கியது பெண் என்ற தடையை மட்டும்தான். சொத்தும் வரியும் இருந்தால்தான் ஓட்டு என்ற விதி அப்படியே நின்றது. அன்றைய தென்னார்க்காட்டில் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு, களை பறித்துப் பிழைத்த பெண்ணுக்கு ஓட்டு கிடைத்தது 1951–52 பொதுத்தேர்தலில். இந்த முப்பது ஆண்டு நம் காலவரிசையில் இல்லை. யாருக்கு அது காத்திருப்பாக இருந்ததோ அவர்களும் இல்லை.

1920-க்கும் இதே குறை உண்டு. பாலினத்தைக் காரணம் காட்டி ஓட்டை மறுக்கக்கூடாது என்றது அமெரிக்க அரசியல் சட்டத்தின் 19-ஆவது திருத்தம். தென்மாநிலங்கள் வேறு காரணங்களைக் காட்டின: ஓட்டுப்போட வரி, எழுத்தறிவுத் தேர்வு, இவை போதாதபோது அடி. மிசிசிப்பியில் பருத்திக் காட்டு வாரக்குடியானவர் ஃபேனி லூ ஹேமர். ஒரு வீட்டின் இருபது பிள்ளைகளில் கடைசி. 1962 ஆகஸ்டில் வாக்காளராகப் பதியப் போனார். மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவை எழுதி விளக்கச் சொன்னார்கள், தேறவில்லை. அதற்காகவே பதினெட்டு ஆண்டு வேலைசெய்த பண்ணையிலிருந்து விரட்டப்பட்டார். மறு ஆண்டு வினோனா ஊர்ச் சிறையில் அடித்த அடி உடம்பில் கடைசிவரை இருந்தது. '1920-ல் அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர்' என்று எழுதும்போது, ஹேமர் அமெரிக்கரும் இல்லை, பெண்ணும் இல்லை என்றுதான் நாம் எழுதுகிறோம்.

1964-ல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு வெள்ளையர் மட்டுமே இருந்த மிசிசிப்பிக் குழுவுக்குப் போட்டியாக 68 பேர் போனார்கள். ஹேமர் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தபோது, தொலைக்காட்சி அவரைக் காட்டாமல் இருக்க ஜனாதிபதி ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். பிறகு சமரசமாக வந்தது இரண்டு இடம். அந்த இரண்டும் யாருக்கென்று கட்சித் தலைமையே முடிவுசெய்திருந்தது: இரண்டு பேரும் ஆண்கள். ஹேமரும் கூட வந்தவர்களும் மறுத்துவிட்டார்கள். வாக்குரிமைச் சட்டம் வந்தது 1965-ல். என்னைக் கேட்டால், பாடமாக வைக்க வேண்டியது அந்த மறுப்பைத்தான்.

சாதியும் நிறவெறியும் ஒன்றே என்று நான் சொல்லவரவில்லை. மிசிசிப்பியில் மறித்தது வாக்காளராகப் பதியும் அலுவலகத்தின் வாசலில். இங்கே 1950-லேயே எல்லோருக்கும் ஓட்டு என்றாகிவிட்டது. மறிப்பு ஓட்டுப்பெட்டியைத் தாண்டி நாற்காலிக்கு நகர்ந்தது. 2020 அக்டோபரில், பக்கத்துக் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையிலிருந்து ஒரு புகைப்படம் வெளிவந்தது. உறுப்பினர்கள் நாற்காலியில், ஊராட்சித் தலைவரான தலித் பெண் தரையில். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. படம் வராத ஊர்களில் என்ன நடக்கிறது என்பதற்கு எந்தக் காலவரிசையும் கிடையாது.

உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று 1993-ல் வந்தது. தமிழ்நாட்டில் 2016-ல் அது பாதியானது. விழுப்புரம் மாவட்டம் அந்தப் பாதியை வைத்து ஊரகத் தேர்தலைச் சந்தித்தது 2021 அக்டோபரில். சட்டத்துக்கும் தேர்தலுக்கும் நடுவில் ஐந்து ஆண்டு போனதை இங்கே யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஜெயித்த பெண்ணின் பெயர் பலகையில் இருக்கும், கையெழுத்து எங்கே என்று காட்டுவது வீட்டுக்காரராக இருக்கும். 'பாதி இடம் பெண்களுக்கு' என்று எழுதி முடித்துக்கொள்ளும் கட்டுரை, 1921 கட்டுரையின் தங்கைதான்.

தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆண்டு வேண்டும், அதை மறுக்கவில்லை. ஒவ்வொரு ஆண்டுக்குப் பக்கத்திலும் 'யாருக்கு' என்று ஒரு கட்டம் போடச் சொல்கிறேன் இப்போது. 1920-க்கு எதிரே நிரப்பத் தொடங்கினால் கறுப்பினப் பெண்களோடு நிற்காது. 1924 வரை பூர்வகுடிகள் பலருக்குக் குடியுரிமையே இல்லை. இந்தியாவிலிருந்து அங்கே குடியேறியவர்களில் பெரும்பாலோருக்கு 1946 வரை குடியுரிமை பெற வழியில்லை. தமிழ்ப்பெண் ஒருத்தி அன்று அங்கே குடியேறியிருந்தாலும் அநேகமாக வெளியேதான் நின்றிருப்பாள்.

காணையில் அன்று கிளம்பும்போது, ஆயாவைப் பற்றிக் கேட்டவர் ஹேமரைப் பற்றியும் கேட்டார். "அந்தம்மா கடைசில உக்காந்தாங்களா, இல்லையா?"

1968-ல், சிகாகோ மாநாட்டில், மிசிசிப்பிப் பிரதிநிதியாக உட்கார்ந்தார் என்றேன். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியதையும் சொன்னேன்.

"நாலு வருஷம் ஆயிருக்கு" என்றார். "எங்களுக்கு மொத்தமே அஞ்சு வருஷம்தாங்க."