எட்டாம் பந்தின் நியாயம்

மலையகத்து நகரங்களில் பூல் மேசை போட்டிருக்கும் இடம் எதிலாவது கொஞ்ச நேரம் நின்றால் போதும், ஒரு வாக்குவாதம் காதில் விழும். "அண்ணே, அது சொல்லாம விழுந்த பந்து, செல்லாது." "யாரு சொன்னது? விழுந்தா விழுந்ததுதான்." இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் ஒரு சட்டத்தில் நின்று பேசுகிறார், மற்றவர் இன்னொன்றில். ஆறு பொக்கட், வெள்ளையோடு சேர்த்து 16 பந்து, அவ்வளவுதான் மேசை. அதன் மேல் எட்டுப் பந்து, ஒன்பது பந்து, பத்துப் பந்து, ரொட்டேஷன், ஸ்ட்ரெய்ட் பூல், ஒன் பொக்கட் என்று ஆட்டங்கள் நீளுகின்றன. இவற்றில் எது நல்லது என்று கேட்டால் "அவரவர் விருப்பம்" என்று சொல்லி நழுவிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ருசியை ஒதுக்கிவைத்துவிட்டு, சட்டத்தைச் சட்டமாக எடுத்து எடை போட முடியும்.

எடை போட மூன்று கேள்வி வைத்துக்கொள்கிறேன். பந்து விழுந்ததற்கு ஆடியவனுடைய கை காரணமா, அதிர்ஷ்டமா? செய்த தப்புக்கும் கிடைக்கிற தண்டனைக்கும் பொருத்தம் இருக்கிறதா? நடுவர் இல்லாத இடத்தில் இருவரே தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள முடியுமா? இந்த மூன்றோடு நம் ஊருக்கென்று நாலாவது ஒன்றும் சேரும். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறன்று மேசை ஒன்றுதான் இருக்கும், சுவரில் சாய்ந்து காத்து நிற்பவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுடைய பொறுமைக்குள் ஆட்டம் முடிய வேண்டும்.

கியூ பிடித்து ஆடும் மேசை இந்த மலைக்குத் துரைமாரோடு வந்தது. நுவரெலியா ஹில் கிளப் 1876இல் தொடங்கியது. கோப்பி அழியத் தொடங்கித் தேயிலை தலையெடுத்துக்கொண்டிருந்த காலம். அதற்கு முந்தைய ஆண்டு, 1875இல், இந்தியாவில் ஜபல்பூரில் இருந்த ஆங்கிலப் படை அதிகாரிகள் பழைய மேசை ஆட்டங்கள் சிலவற்றைக் கலந்து ஸ்னூக்கரை உருவாக்கினார்கள். நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரியின் பெயரில் அந்தக் கதை நிற்கிறது (பிற்காலத்தில் பிரதமரானவர் வேறு ஆள்). அதற்குச் சட்டம் எழுதி மாட்டப்பட்டது 1882இல், ஊட்டி கிளப்பில். ஒரு தேயிலை மலையில் எழுதிய சட்டம் இன்னொரு தேயிலை மலையின் கிளப்புகளிலும் குடியேறியது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து கப்பலேறிய நம் ஆட்கள் பலர் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்து அரசுத் தேயிலைத் தோட்டங்களில் போய் இறங்கியதை நினைத்துப் பார்த்தால், நீலகிரிக்கும் நமக்கும் இடையே ஆளும் ஆட்டமும் எதிரெதிர்த் திசையில் பயணப்பட்டிருப்பது தெரியும். அது வேறு கட்டுரை.

ஸ்னூக்கரும் அதற்கு மூத்த பில்லியர்ட்ஸும் 12 அடி மேசைக்குப் பிறந்தவை. மூன்றே பந்து வைத்து ஆடும் பில்லியர்ட்ஸில் 1973ஆம் ஆண்டு பம்பாயில் உலக அமெச்சூர் பட்டத்தை வென்றவர் நம் நாட்டு எம். ஜே. எம். லாஃபிர். அந்த ஆட்டத்தின் நுட்பத்தை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. ஆனால் 7 அடி, 9 அடி மேசையில் இரண்டும் சரிவராது. பூல் மேசையின் அகன்ற பொக்கட்டில் சிவப்பும் கறுப்பும் சிரமமில்லாமல் விழும். 22 பந்தை நெருக்கி வைத்தால் வெள்ளைக்கு நகர இடம் இருக்காது. அதோடு, ஸ்னூக்கரின் தண்டனை முறையில் "முடிந்த அளவு முயன்றானா" என்று தீர்மானிக்கும் ஒரு விதி இருக்கிறது. அதை நிறுக்க ஒரு நடுவர் வேண்டும். கிளப்பில் துரைமாருக்குப் புள்ளி சொல்ல மார்க்கர் இருந்தார். நகரத்து மேசைக்கு யார் இருக்கிறார்? மூன்றாம் கேள்வியிலேயே ஸ்னூக்கர் வெளியே போய்விடுகிறது.

நம் பிள்ளைகள் பூல் மேசைக்கு வருவது கிளப் வழியாக அல்ல, கரம் பலகை வழியாக. லயத்து வாசலிலும் சனசமூக நிலையத்திலும் பவுடர் தூவிய அந்தப் பலகையில்தான் கோணமும் திருப்பி அடிப்பதும் கைக்குப் படிகின்றன. கூடவே ஒரு நியாய உணர்வும் படிகிறது, இதை யாரும் கவனிப்பதில்லை. கரத்தில் முதலில் அடிப்பவனுக்கு வெள்ளை, மற்றவனுக்குக் கறுப்பு. யாருக்கு எந்தக் காய் என்பதில் குழப்பமே கிடையாது. சிவப்பைப் போட்டால் தன் காய் ஒன்றை அடுத்துப் போட்டு அதை உறுதிப்படுத்த வேண்டும், முடியாவிட்டால் சிவப்பு நடுவுக்குத் திரும்பும். ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் முறையும் போகும், காய் ஒன்றும் பலகைக்குத் திரும்பும். 1988இல் சென்னையில் அமைந்த சர்வதேசக் கரம் சம்மேளனத்தின் சட்டத்திலும் இந்த அடிப்படை அப்படியே இருக்கிறது. தப்பு எவ்வளவோ தண்டனை அவ்வளவு. இந்தக் கண்ணோடு பூலின் சட்டங்களைப் பார்த்தால் சில ஆட்டங்கள் உடனே நெருடும்.

முதலில் நெருடுவது ஒன்பது பந்து. மேசையில் இருப்பதில் மிகச் சிறிய எண்ணை வெள்ளை முதலில் தொட வேண்டும், ஒன்பதை விழுத்துபவன் வெற்றி. வரிசையாகத்தான் விழுத்த வேண்டும் என்றில்லை. ஒன்றைத் தொட்டுவிட்டுப் போன வெள்ளை எங்கோ மோதி ஒன்பதைத் தள்ளினாலும் ஆட்டம் முடிந்தது. எந்தப் பொக்கட் என்று முன்னால் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டத்தைத் தொடங்கும் பிரேக் அடியிலேயே ஒன்பது விழுந்தாலும் வெற்றிதான். ஏழு பந்தை அழகாகப் போட்டுவிட்டு எட்டில் தவறியவன், எதிராளியின் ஒரு குருட்டடியில் தோற்றுப்போகலாம். இதற்கு ஆதரவாக வலுவான வாதம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரெயெஸ் 1999இல் உலக ஒன்பது பந்துப் பட்டத்தையும் 2004இல் உலக எட்டுப் பந்துப் பட்டத்தையும் வென்றார். வெறும் அதிர்ஷ்ட ஆட்டமாக இருந்தால் இரண்டிலும் ஒரே ஆள் எப்படி மேலே வருவார்? நியாயமான கேள்வி. பதில் ஆட்டங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. பெரிய போட்டியில் ஒருவரை வெல்லப் பல ஆட்டம் வெல்ல வேண்டும், அந்த நீளத்தில் அதிர்ஷ்டம் இரு பக்கமும் சமமாகக் கரைந்துவிடும். ஒரே ஆட்டம் ஆடி, தோற்றவன் கியூவை அடுத்தவனிடம் கொடுக்கும் மேசையில் அது கரைய நேரமே இல்லை. பத்துப் பந்து இந்தக் குறையைத் திருத்துகிறது. அங்கே பந்தையும் பொக்கட்டையும் சொல்லி அடிக்க வேண்டும், பிரேக்கில் பத்து விழுந்தால் எடுத்து வைத்துவிட்டுத் தொடர வேண்டும். நல்ல திருத்தம்தான். ஆனால் வரிசை தவறாமல் பத்தையும் போடும் கை புதிதாக வந்தவனுக்கு வாய்க்க நாளாகும். அதுவரை ஒவ்வொரு ஆட்டமும் இழுவைதான்.

முதல் கேள்விக்கு மட்டும் மதிப்பெண் போடுவதென்றால் ஸ்ட்ரெய்ட் பூலுக்கு இணை எதுவுமில்லை. எந்தப் பந்தும் ஒரு புள்ளி, சொல்லி அடிக்க வேண்டும், 14 விழுந்ததும் அவற்றை மறுபடி அடுக்கி, மிஞ்சிய பதினைந்தாவதிலிருந்து தொடரலாம். 1954இல் வில்லி மொஸ்கோனி இந்த ஆட்டத்தில் தவறாமல் 526 பந்து போட்டார். அந்தச் சாதனையைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது வியப்பு. அடுத்ததாக, எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருடைய நிலை. நாலாம் கேள்வியில் இந்த ஆட்டம் அப்படியே விழுந்துவிடுகிறது.

ஒன் பொக்கட்டைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். ஆளுக்கு ஒரு பொக்கட், அதில் எட்டுப் பந்து. மூளைக்கு வேலை, கண்ணுக்கு அலுப்பு. ரொட்டேஷனில் பந்தின் எண்ணே புள்ளி. மொத்தம் 120, ஆகவே 61 எடுத்தவன் வென்றான். கணக்கு நேர்த்தியானது, ஆனால் கடைசி ஐந்து பந்தில் மட்டும் 65 புள்ளி இருப்பதால் முதல் பாதி முழுவதும் சில்லறை வேலையாகிவிடுகிறது.

மிஞ்சுவது எட்டுப் பந்து. ஒருவனுக்கு 1 முதல் 7 வரை முழு நிறம், மற்றவனுக்கு 9 முதல் 15 வரை கோடு போட்டவை. தன் ஏழையும் முடித்தவன் கறுப்பு எட்டைப் போட வேண்டும். கரம் ஆடியவனுக்கு இதை விளக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. இரண்டு குழு, நடுவில் ஒரு தனிக்காய், பார்த்ததுமே பிடிபடும். மலையகத்தில் இது வேரூன்றியதற்குக் காரணம் இந்த உறவுதான் என்பது என் ஊகம். ஆனால் எட்டுப் பந்து என்பது ஒரே சட்டமல்ல. பூல் மேசைக்கு மேசை அது உருமாறும். சண்டை வருவதும் அங்கேதான்.

முதல் வேறுபாடு, ஃபவுலுக்கு என்ன தண்டனை என்பது. பிரிட்டிஷ் வழியில் வந்த பழைய முறை, எதிராளிக்கு இரண்டு முறை கொடுக்கும். உலக பூல் சங்கத்தின் சட்டம், வெள்ளையைக் கையில் எடுத்து மேசையில் எங்கு வேண்டுமானாலும் வைத்து அடிக்க விடும். நம் ஊரில் பலருக்கு இரண்டாவது கொடூரமாகத் தெரிகிறது, பந்து தெரியாமல் குழியில் விழுந்ததற்கு இவ்வளவா என்று. எனக்கும் முதலில் அது கரத்தின் நியாயத்துக்கு எதிராகத்தான் பட்டது. ஆனால் இரண்டு முறை கொடுக்கும் சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. தன் பந்தைக் கொண்டுபோய் எதிராளியின் பொக்கட் வாயில் அடைத்து வைத்துவிட்டு, வேண்டுமென்றே ஃபவுல் செய்பவனுக்குப் பெரிய நட்டமில்லை. எதிராளிக்குக் கிடைத்த இரண்டில் ஒன்று அந்த அடைப்பை எடுக்கவே செலவாகும். தப்பு ஒரு தந்திரமாகிவிடுகிறது. வெள்ளையைக் கையில் கொடுத்தால் அந்தத் தந்திரம் எடுபடுவது அரிது. தண்டனை கடுமையானது என்பது உண்மை, ஆனால் அந்தக் கடுமையால்தான் தப்பு இலாபம் தராமல் போகிறது. இந்த இடத்தில் உலகச் சட்டத்தின் பக்கம் நிற்கிறேன்.

அடுத்தது, சொல்லி அடிப்பது. விழுந்தால் விழுந்ததுதான் என்பவர்களின் வாதம், சொல்லச் சொன்னால் ஆட்டம் மெதுவாகும் என்பது. ஆகாது. நேரே தெரியும் அடிக்கு வாய் திறக்க வேண்டியதே இல்லை என்று சட்டமே விட்டுவைத்திருக்கிறது, சந்தேகத்துக்கு இடமான அடிக்கு மட்டும் பந்தையும் பொக்கட்டையும் சொன்னால் போதும். பிரேக்கில் எது விழுந்தாலும் குழு முடிவாவதில்லை, பிறகு சொல்லிப் போட்ட முதல் பந்துதான் அதைத் தீர்மானிக்கிறது. கரத்தில் காயின் நிறம் முன்பே முடிவாகிவிடுவதற்கு இது ஈடாகாவிட்டாலும், பிரேக்கில் தற்செயலாக விழுந்த ஒரு பந்து ஒருவன் தலையில் கஷ்டமான குழுவைக் கட்டிவிடும் அநியாயம் நீங்குகிறது.

மூன்றாவதுதான் உண்மையிலேயே கடினம். தன் பந்து மீதி இருக்கும்போது எட்டு விழுந்தால் தோல்வி. சொன்ன பொக்கட்டை விட்டு வேறெதில் விழுந்தாலும் தோல்வி. எட்டைப் போடும் அடியில் வெள்ளையும் விழுந்தால் தோல்வி. இங்கே உலகச் சட்டமும் பழைய சட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டும் இரண்டாம் கேள்வியில் தோற்கின்றன. ஆறு பந்து போட்டு முன்னணியில் இருப்பவனும் ஒன்றும் போடாதவனும் ஒரே அளவு தண்டிக்கப்படுகிறார்கள். கரத்திலும் இப்படி ஒரு படுகுழி உண்டு. சிவப்பு பலகையில் இருக்கும்போது கடைசிக் காயைப் போட்டவன் அந்தப் பலகையை இழக்கிறான். ஆனால் அங்கே இழப்பு புள்ளியில் கணக்காகிறது. எதிராளிக்கு எத்தனை காய் மீதியோ அத்தனையும், சிவப்புக்கு மூன்றும். ஆட்டம் 25 வரை போவதால், ஒரு பலகை போனவன் அடுத்ததில் எழுந்துகொள்ளலாம். அதே தப்பு, ஆனால் அளந்து கொடுத்த தண்டனை. இந்த ஒரு விஷயத்தில் கரம் பூலைவிடத் தெளிவாக யோசித்திருக்கிறது என்றே சொல்வேன்.

அப்படியானால் எட்டுக்கும் கரத்தின் விதியைப் புகுத்தி, முந்தி விழுந்தால் எடுத்து வைத்துவிட்டு ஒரு பந்து அபராதம் போடலாமா? யோசித்துப் பார்த்தேன், வேண்டாம் என்கிறேன். எட்டைத் தொட்டால் சாவு என்ற அச்சம்தான் கடைசி இரண்டு பந்தில் ஆடுபவனைத் தடுமாற வைக்கிறது, வெள்ளையை எங்கே நிறுத்துவது என்று யோசிக்க வைக்கிறது. அதை எடுத்துவிட்டால் எட்டு இன்னொரு பதினைந்தாகிவிடும். குறை விதியில் இல்லை, ஒரே ஆட்டத்தோடு தீர்ப்புச் சொல்லும் நம் பழக்கத்தில் இருக்கிறது. ஐந்தில் மூன்று என்று வைத்தால் நேரம் போதாது, மூன்றில் இரண்டுக்குக் காத்திருப்பவர்கள் சம்மதிப்பார்கள்.

ஆகவே சுவரில் ஒரு சட்டம் ஒட்டுவதென்றால் உலகச் சட்டப்படி எட்டுப் பந்து, மூன்றில் இரண்டு. வெள்ளை கையில், சந்தேக அடிக்குச் சொல்லி அடித்தல், இரண்டு முறை கொடுப்பது கிடையாது. பிரேக்கில் எட்டு விழுந்தால் வெற்றி என்று கைதட்டுகிறவர்களுக்கும் இதில் ஏமாற்றம்தான். பிரேக் அடித்தவன் எட்டை எடுத்து வைத்துவிட்டு இருக்கும் நிலையிலேயே ஆடலாம், இல்லையென்றால் பதினைந்தையும் மறுபடி அடுக்கலாம்.