மிளகு பறித்தவர் யார்?

யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதைக் கூறும் அகநானூற்று 149ஆம் பாட்டை மேடைதோறும் சொல்லி மகிழ்கிறோம். யவனரென்போர் பெரும்பாலும் கிரேக்கரும் ரோமரும் என்பர். எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியது வெறுங்கற்பனையன்று. முசிறி வாணிகத்தின் பொருட்டுக் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கடன் உடன்படிக்கையொன்று 1985இல் அச்சேறியது.

ஆயினும், பொன்னும் கலமும் மிளகும் உள்ள அப்பாட்டில் மிளகு பறித்த கை எங்கே? அகப்பாட்டில் அதைத் தேடலாமோ என்பர் புலவர். பாடியவர்மீது நமக்கு வழக்கில்லை; அதையே முழு வரலாறாக்கும் பேச்சாளர்மீதுதான் வழக்கு. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இருட்டோடு எழுந்து பால் வெட்டியவர்களின் மக்களாகிய நாம், ரப்பரின் விலையை எழுதி, வெட்டியவரை விட்டுவிட்ட கணக்கை ஒப்புவோமா?

கிரேக்கரைப் புகழ்வோரும் ஏதன்ஸ் நகரக் குடியாட்சியைப் பாராட்டிவிட்டு, அங்கே பெண்ணுக்கும் அடிமைக்கும் வாக்கில்லாமையை மெல்லக் கடந்துவிடுகின்றனர். எனினும் அந்நகரத்தார் செய்த ஒன்றைச் சொல்லாமலிருப்பது நேர்மையாகாது. கி.மு. 409இல் மீண்டும் தொடங்கிய எரெக்தியம் கோயில் வேலையின் செலவுக் கணக்கைக் கல்லில் வெட்டிவைத்தனர். குடிமகனும், அயலானும், இன்னாருடைய அடிமை இன்னானென்று அடிமையும் அதிலே பெயரோடு நிற்கின்றனர். ஒரே வேலைக்கு மூவர்க்கும் ஒரே கூலி, பெரும்பாலும் நாளொன்றுக்கு ஒரு திராக்மா. அடிமையின் கூலி எசமானன் மடிக்கே போயிருக்கலாம். முசிறி மிளகுக்கோ, பறித்தவர் பெயர் ஒன்றேனும் நமக்கு எட்டவில்லை.