நாடாவில் ஓடும் தேர்

வீட்டுப் பரணில் கிடக்கும் ஒரு வி.எச்.எஸ். கேசட்டை எடுத்து, பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கி, முன்மூடியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். அரை அங்குல அகலத்தில், கரும்பழுப்பில், எண்ணெய் பூசியதுபோல் மினுங்குகிறதே, அந்த நாடாவின் அழகே அழகு! 1976-இல் ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் வெளியிட்ட இந்தப் பெட்டிதான் பின்னாளில் கடலூரிலும் சிதம்பரத்திலும் நம் கல்யாணங்களையும் காதுகுத்துகளையும் தேர்த் திருவிழாக்களையும் தனக்குள் வாங்கிக்கொண்டது. அவற்றை இன்று கணினிக்கு மாற்றுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், ரசிக்க எவ்வளவோ இருக்கிறது.

முதலில் அந்த உருளை. வி.சி.ஆர். டெக்குக்குள் போன நாடா, சற்றே சாய்ந்து சுழலும் ஒரு பளபளப்பான உருளையைத் தழுவிக்கொண்டு நகர்கிறது. நம் நாட்டின் பால் (PAL) வீடியோ முறையில் உருளை நொடிக்கு 25 சுற்று சுற்றும். அதில் எதிரெதிராகப் பதித்த இரண்டு ஹெட்டுகள் நாடாவின் மேல் மாறி மாறிச் சாய்கோடு இழுக்கும். ஒன்று படத்தின் ஒற்றைப்படை வரிகளைத் தரும். மற்றது இரட்டைப்படை வரிகளைத் தரும். பூக்காரம்மா மல்லிகையை இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று வைத்துத் தொடுப்பதுபோல, இரண்டும் இழைந்து ஒரு முழுப் படமாகின்றன. கண்ணுக்கே தெரியாத இடத்தில் எவ்வளவு நேர்த்தி!

ஒலிக்கு வேறு வழி. அது நாடாவின் ஓரத்தில், தனக்கென ஒதுக்கிய மெல்லிய நேர்கோட்டில் பயணிக்கிறது. அதனால்தான் பல கல்யாணக் கேசட்டுகளில் மாப்பிள்ளை முகத்தில் வெள்ளைக் கோடுகள் சிதறும்போதும் நாதஸ்வரம் இடறாமல் ஒலிக்கிறது. கெட்டிமேளத்தின் அந்த ஆரவாரம் படம் தடுமாறும் இடத்தில் துணைக்கு வந்து நிற்பதைக் கேட்டு மகிழுங்கள்.

இனி, சிதம்பரம் கீழவீதித் திண்ணை ஒன்றிலிருந்து எடுத்த ஆனித் தேரோட்டத்தைப் பாருங்கள். மூலவராகிய நடராசப் பெருமானே ஆனியிலும் மார்கழியிலும் தேரேறி வீதிக்கு வரும் ஊர் இது. வடத்தோடு கூட்டம் முன்னே பாய, கேமரா குலுங்குகிறது. அந்தக் குலுக்கலில் எடுத்தவரின் பரவசமே பதிவாகியிருக்கிறது. நடுவே ஒரு பாட்டி தலைக்கு மேல் கைகூப்புகிறாள். இரண்டே நொடி. நாடா நொடிக்கு நகர்வது சுமார் 2.3 சென்டிமீட்டர்தான். ஆக, அவள் பக்தி முழுவதும் ஒரு கட்டைவிரல் நீளத்துக்குள் குடியிருக்கிறது.

மாற்றித் தருகிறவரின் கைப்பக்குவமும் கொண்டாடத் தக்கது. நாடாவின் விளிம்பில் வெண்பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார். இருந்தால், சுத்தம் செய்த பிறகே டெக்கில் போடுகிறார். ஹெட்டைப் பதமாகத் துடைக்கிறார். மூன்று மணி நேரக் கேசட் என்றால், மூன்று மணி நேரமும் ஓடவிட்டே பதிவு செய்கிறார். இதில் குறுக்குவழி கிடையாது. துள்ளும் வரிகளை நேர்செய்யும் கருவியை இடையே இணைக்கிறார். ஆனால் புள்ளிகளை மழுமழுவென்று வழித்தெடுப்பதில்லை. வழித்தால் பட்டுச்சரிகையின் மினுக்கும், வீடியோ விளக்கின் சூட்டில் மணப்பெண் நெற்றியில் அரும்பிய வியர்வையும் சேர்ந்தே போய்விடும். அதை அறிந்து கையை நிறுத்துகிறாரே, அதுவே கலை.

பழையதை மீட்கும் இந்தப் பணி சிதம்பரத்துக்குப் புதிதல்ல. தில்லைக் கோயில் அறையில் கறையான் புற்று மூடிக் கிடந்த தேவார ஏடுகளை ராஜராஜ சோழன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி மீட்டுத் தொகுத்தார் என்பது மரபு. அரித்தவை போக எஞ்சியவையே நமக்குக் கிடைத்தன என்றும் அந்த மரபே சொல்கிறது.

கேசட்டுக்குக் கறையான் வேண்டாம். கடலூரின் உப்புக்காற்றும் ஈரமுமே போதும். வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடுகிற டெக்கும் அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கையும் குறைந்துகொண்டே வருகின்றன. ஐப்பசி மழைக்கு முன்பே பரணிலிருந்து கேசட்டுகளை இறக்குங்கள். மாற்றிய பதிவை இரண்டு இடங்களில் வையுங்கள். மாற்றியாயிற்றே என்று கேசட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மூலப்பிரதி என்றும் அதுதான்.