அரபு நாட்டில் நெல்வயலா?

அமராவதி பாய்ந்து நெல்லும் கரும்பும் விளையும் மடத்துக்குளத்தில், சீறாப்புராணத்து நாட்டுப் படலத்தைப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாணவர் ஒருவர் குறுக்கிட்டார்: “ஹஜ்ரத், மழையும் ஆறும் நடவும் அறுவடையும் நம்மூரில் உண்டு; மக்காவில் ஏது? உமறுப்புலவர் பொய் சொல்கிறாரா?”

முன்பெல்லாம் இவ்விடம் வந்தால், “இது புலவர் கற்பனை, அடுத்த படலத்துக்குப் போவோம்” என்று ஏட்டைப் புரட்டிவிடுவேன். அது என் பிழை. தாண்டிச் செல்லச் செல்ல, நம் காப்பியத்தில் பொய் கலந்திருப்பதாகப் பிள்ளைகள் எண்ணத் தொடங்கினர்.

மக்கா பயிர் விளையாப் பள்ளத்தாக்கு என்பது இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் பிரார்த்தனையிலேயே வருவது (திருக்குர்ஆன் 14:37). நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாட வந்த உமறு இதை அறியாதிருப்பாரா? பெருங்காப்பியத்தில் மலை, கடல், நாடு, நகர் வருணனை அமையவேண்டும் என்கிறது தண்டியலங்காரம். கம்பர் கோசலத்தைக் காவிரி நாடாகக் கண்டதும் இம்மரபினாலேயே.

அரபியிலும் இதுவே வழக்கு. கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) நபிகளாரின் திருமுன் பாடிய கஸீதா, பிரிந்து சென்ற சுஆத் என்னும் பெண்ணை நினைந்தே தொடங்குகிறது. அதற்காக அவரை எவரும் பொய்யர் என்றாரில்லை. நபிகளார் தம் போர்வையையே பரிசளித்தார்கள் என்பது வரலாறு. நம் இல்லங்களில் ஓதப்படும் புர்தாவை இயற்றிய பூஸீரி, நைல் பாயும் மிஸ்ரில் வாழ்ந்தவர். அவரோ அரபுப் பாலையின் இடங்களை நினைந்து பாடலைத் தொடங்குகிறார். ஆற்றங்கரைப் புலவர் பாலையைப் பாடலாம் எனில், தமிழ்ப் புலவர் அரபு மண்ணில் மழை பொழிவிக்கலாகாதா? மழையை ‘ரஹ்மத்’ என்று சொல்லும் நம் மக்களுக்கு, அருட்கொடையாக வந்த நபி பிறக்கும் நாட்டை வேறெப்படிக் காட்டுவது?

ஆயினும் வருணனை வேறு, வரலாறு வேறு. மானுக்குப் பிணை நின்ற படலத்தில் சோலையின் எழில் தமிழ் மரபுக்குரியது. வேடனிடம் சிக்கிய தாய்மானுக்காகத் தம்மையே பிணையாக வைத்த கருணையோ உமறு கற்பித்ததன்று. வழிவழி வந்த செய்தியிலிருந்து அவர் பெற்றது. நிலத்துக்கு வண்ணம் தீட்டுவதில் புலவருக்கு உரிமை உண்டு. நபிகளாரின் பண்பைப் புனைய உரிமை இல்லை. இந்த எல்லையை உமறு அறிந்திருந்தார். படிக்கும் நாமும் அறிந்தால், எந்தப் படலத்தையும் தாண்டிச் செல்ல வேண்டியதில்லை.

அன்று அம்மாணவரையே நாட்டுப் படலத்தை உரக்கப் படிக்கச் சொன்னேன். நடவுப் பாடல்களுக்கு வந்தபோது அவர் ஏட்டிலிருந்து கண்ணெடுத்து, சன்னலுக்கு வெளியே தெரிந்த வயலைப் பார்த்தார். பிறகு அவர் கேள்வி கேட்கவில்லை.