பம்பர் ஓரத்துச் சிவப்பு

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கைதேர்ந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் கார் பம்பரில் எல்இடி ரிஃப்ளெக்டர் பொருத்துவதைப் பார்ப்பதே ஓர் இன்பம். பழைய ரிஃப்ளெக்டரைக் கிளிப் உடையாமல் நெம்பி எடுக்கிறார். பார்க்கிங், பிரேக், எர்த் என மூன்று வயர்களையும் டெஸ்ட் லைட் வைத்து உறுதிசெய்கிறார். இணைப்புகளைச் சாலிடர் செய்து, ஸ்லீவ் போட்டுச் சூடாக்கி, தண்ணீர் புகாதபடி ரப்பர் வளையத்தின் வழியே இழுக்கிறார்.

பிரேக்கை மிதித்ததும் எல்இடி, இழை பல்பைவிடச் சுமார் 0.2 விநாடி முந்தி எரியும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பின்னால் வருபவருக்கு அது ஐந்தரை மீட்டர் அவகாசம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: விளக்கு அணைந்திருக்கும்போதும் அது பிற வண்டிகளின் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தக் குணம் இல்லாததை வாங்காதீர்கள்.